இன்றைய தேதி, நேற்றைய விலை: ஒரு நகைக்கடை இணையதளத்தின் கேச் சிக்கல்

பின்னணி

தமிழ்நாட்டில் ஒரு மாவட்டத் தலைநகரில் மூன்று கிளைகளோடு இயங்கும் நகைக்கடை அது. அதன் இணையதளத்தில் நகை விற்பனை கிடையாது. டிசைன் படங்கள், நகைச் சீட்டு விவரம், கிளை முகவரிகள் இருக்கும். முகப்பில் பெரிய எழுத்தில் அன்றைய தங்கம், வெள்ளி விலை இருக்கும். தளத்துக்கு வருபவர்களில் பெரும்பாலோர் அந்த விலைக்காகத்தான் வருகிறார்கள்.

சென்னைச் சந்தை விலை வழக்கமாகக் காலை 9.30 மணியளவில் வரும். விலை அதிகம் ஆடும் நாட்களில் பிற்பகலில் இன்னொரு முறையும் மாறும். விலை வந்ததும் கடை ஊழியர் ஒருவர், தளத்தை இயக்கும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் நிர்வாகப் பக்கத்தில் நுழைந்து, 22 காரட், 18 காரட், வெள்ளி என மூன்று எண்களைத் தட்டி, ‘சேமி’ பொத்தானை அழுத்துவார். அவருடைய வேலை அத்தோடு முடிந்தது.

முந்தைய ஆண்டு சீட்டுத் திட்ட விளம்பரம் ஓடியபோது தளம் திணறியிருந்தது. 2 ஜிபி நினைவகம் கொண்ட சிறிய சர்வர். ஒவ்வொரு வருகைக்கும் வேர்ட்பிரஸின் பிஹெச்பி நிரல் ஓடி, டேட்டாபேஸைத் தொட்டு, பக்கத்தைப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்யப் பல மாதங்களில், பல கைகள் வழியாக, மூன்று ஏற்பாடுகள் சேர்ந்தன. முதலில், கட்டிய பக்கத்தின் நகலைச் சேமித்து (அதுதான் கேச்) 10 மணி நேரம் வைத்திருக்கும் ஒரு கேச் பிளகின், அதாவது வேர்ட்பிரஸில் சேர்க்கும் துணை நிரல். பிறகு தளத்துக்கு முன்னால் ஒரு சிடிஎன், அதாவது பல ஊர்களிலுள்ள சர்வர்களில் தளத்தின் நகலை வைத்துத் தரும் சேவை. அதில் படம், ஸ்டைல் கோப்புகளோடு ஹெச்டிஎம்எல் பக்கங்களையும் சேர்த்து வைக்கும்படி ஒரு விதி. கடைசியாக, தளத்தை ‘ஆப் போல’ போனில் நிறுவ உதவும் ஒரு பிளகின். அது சத்தமில்லாமல் ஒரு சர்வீஸ் வொர்க்கரை, அதாவது பிரவுசருக்குள் உட்கார்ந்து பக்கக் கோரிக்கைகளுக்குத் தானே பதில் தரும் சின்ன நிரலை, ஒவ்வொரு போனிலும் பதித்தது. வேகம் கூடியது, எல்லோருக்கும் திருப்தி. எந்த அடுக்கு எதை எவ்வளவு நேரம் பிடித்து வைத்திருக்கிறது என்று ஒரே இடத்தில் எழுதி வைத்தவர் யாரும் இல்லை.

புகார்

முதல் தகராறு பில் கவுண்டரில் வந்தது. ஐந்து பவுன் செயின் எடுத்த வாடிக்கையாளர் தன் போனை நீட்டினார்: “அண்ணே, இன்னைக்குத் தேதி போட்டு உங்க சைட்லயே இருக்கு பாருங்க. நீங்க வேற விலை சொல்றீங்க?” காசாளர் தன் போனில் அதே தளத்தைத் திறந்தார், அதில் புதிய விலை இருந்தது. இரண்டு போனிலும் ஒரே தேதி, விலை மட்டும் வேறு.

அன்று காலை கிராமுக்கு 70 ரூபாய் ஏறியிருந்தது. பவுனுக்கு 560, ஐந்து பவுனுக்கு 2,800 ரூபாய். சேதாரம் தங்க எடையின் மேல் வருவதால் அதிலும் வித்தியாசம் ஏறும். மொத்தத்தின் மேல் 3 சதவீத ஜிஎஸ்டி. மேலாளர் பழைய விலைக்கே பில் போட்டு அனுப்பினார். அதே வாரத்தில் இன்னும் இரண்டு பேர் இப்படி வந்த பிறகுதான் விஷயம் தளத்தைப் பராமரிப்பவர்களிடம் போனது.

விலை ஏறிய நாட்களில் மட்டுமே புகார் வந்தது. விலை இறங்கிய நாட்களிலும் தளம் பழைய விலையைத்தான் காட்டியிருக்கும். கூடுதல் விலையைப் பார்த்துவிட்டு வராமல் இருந்தவர் கவுண்டரில் வந்து சண்டை போட மாட்டார். ஆகவே புகார்களின் எண்ணிக்கையை வைத்துச் சிக்கலின் அளவைக் கணக்கிட முடியவில்லை.

முதலில் செய்தவை

கவுண்டர் ஊழியர்களுக்கு ஒரு வாசகம் சொல்லிக் கொடுக்கப்பட்டது: “போன்ல கேச் கிளியர் பண்ணிட்டுப் பாருங்க.” வாடிக்கையாளரின் போனில் அமைப்புகளைத் திறக்கச் சொல்வது விற்பனைக் கவுண்டரில் நடக்கிற காரியமில்லை, சிலர் பயந்துபோய் மறுத்தார்கள். விலை மாறும்போதெல்லாம் சிடிஎன்னில் ‘எல்லாவற்றையும் அழி’ அழுத்துவதும் தொடங்கியது. இதனால் டிசைன் படங்கள் உட்பட அத்தனையும் அழிந்து, கூட்டம் அதிகமான 9.30 மணிக்கே சர்வர் எல்லாவற்றையும் மறுபடி பரிமாற வேண்டியதாயிற்று. தளம் மெதுவானது, பழைய விலை போகவில்லை.

கடைக்குள் யார் சோதித்தாலும் சரியான விலைதான் தெரிந்தது. காரணம் எளியது. ஊழியர்கள் வேர்ட்பிரஸில் லாகின் ஆகியிருந்தார்கள். லாகின் குக்கீ உள்ளவருக்குக் கேச் பிளகின் சேமித்த நகலைத் தராது. பக்கத்தை அப்போதே புதிதாகக் கட்டித் தரும். சிடிஎன் விதியும் அந்தக் குக்கீயைப் பார்த்தால் ஒதுங்கிக்கொள்ளும்படி எழுதப்பட்டிருந்தது. தளத்தை நடத்துபவர்கள் பார்க்கும் தளமும் வாடிக்கையாளர் பார்க்கும் தளமும் உண்மையிலேயே வேறுவேறு.

கவனித்தவை

சோதனை முறை முதலில் மாற்றப்பட்டது. லாகின் இல்லாத மறைநிலைச் சாளரம், கடை வைஃபை இல்லாமல் மொபைல் டேட்டா, இவற்றோடு கர்ல் என்ற கட்டளைக் கருவியால், சர்வர் பதிலின் தலைப்பு வரிகளான ஹெடர்களை மட்டும் எடுத்துப் பார்ப்பது. கர்லில் வழக்கமான பெரிய ‘ஐ’ விருப்பத்தைத் தவிர்த்தார்கள். அது உள்ளடக்கம் இல்லாமல் ஹெடர்களை மட்டும் கேட்கும் ‘ஹெட்’ கோரிக்கையை அனுப்பும். சில அமைப்புகளில் அதற்குக் கிடைக்கும் பதில் பிரவுசர் அனுப்பும் உண்மையான ‘கெட்’ கோரிக்கைக்குக் கிடைக்கும் பதிலோடு ஒத்துப்போகாது. பதிலின் உள்ளடக்கத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, ‘கெட்’ கோரிக்கையின் ஹெடர்களை மட்டும் அச்சிடுவது நம்பகமான வழி.

முகப்புப் பக்கத்தின் ஹெடரில் இரண்டு வரிகள் கண்ணில் பட்டன: ‘கேச்-கன்ட்ரோல்: பப்ளிக், மேக்ஸ்-ஏஜ்=14400’, ‘ஏஜ்: 5210’. முதல் வரி, இந்தப் பக்கத்தை 14,400 நொடிகள், அதாவது 4 மணி நேரம், யாரையும் கேட்காமல் வைத்துக்கொள்ளலாம் என்று பிரவுசருக்கும் சேர்த்து அனுமதி தருகிறது. இரண்டாவது வரி, சிடிஎன் கையில் இந்த நகலுக்கு ஏற்கெனவே 5,210 நொடி வயதாகிவிட்டது என்கிறது. பிரவுசர் முன்னதிலிருந்து பின்னதைக் கழித்து, மீதி 9,190 நொடிக்கு, ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்துக்கு, அதைப் புதியதென்றே நம்பும். இந்த 4 மணி நேரத்தை வேர்ட்பிரஸ் அனுப்பவில்லை. சிடிஎன்னில் ‘பிரவுசர் கேச் காலம்’ என்ற பொது அமைப்பு ஒன்று இருந்தது. படங்களுக்காக வைத்த அந்தக் காலம், ஹெச்டிஎம்எல்லும் சேர்க்கப்பட்டதும் அதன் மேலும் ஏறிக்கொண்டது.

சிடிஎன்னில் இருப்பதை அழிக்கலாம், பிளகினில் இருப்பதை அழிக்கலாம். ஒருவரின் போனுக்குள் 4 மணி நேர அனுமதியோடு போய்விட்ட பக்கத்தை இங்கிருந்து எதுவும் செய்ய முடியாது. இந்த நிகழ்வில் எடுத்த முடிவுகள் பெரும்பாலும் இதிலிருந்துதான் பிறந்தன.

அழிக்கும் வரிசையிலும் பிழை இருந்தது. ஊழியர் முதலில் சிடிஎன்னை அழித்துவிட்டு, பிறகு பிளகின் கேச்சை அழித்தார். இடைப்பட்ட அந்த அரை நிமிடத்தில் யாராவது ஒருவர் பக்கத்தைத் திறந்தால் போதும்: சிடிஎன் காலியாக இருப்பதால் சர்வரிடம் கேட்கும், சர்வரில் பிளகின் இன்னும் பழைய நகலைத் தரும், சிடிஎன் அதைப் புதுச் சரக்காக எடுத்து வைத்துக்கொள்ளும். காலை 9.30 மணிக்கு அந்த அரை நிமிடத்தில் யாரும் வராமல் இருக்க வாய்ப்பே இல்லை. மூலத்திலுள்ள பிளகின் கேச்சை முதலில் அழித்து, வாசலில் நிற்கும் சிடிஎன்னைப் பிறகு அழிக்க வேண்டும்.

முகவரிகளிலும் ஒரு சிக்கல். பிறகு ஒரு கட்டத்தில் ‘எல்லாவற்றையும் அழி’ என்பதை நிறுத்தி முகப்பு முகவரியை மட்டும் அழித்தபோது, ஃபேஸ்புக் விளம்பரம் வழியாக வந்தவர்கள் மட்டும் பழைய விலையைப் பார்த்தார்கள். ஃபேஸ்புக் இணைப்பின் வாலில் ஒரு நீண்ட அடையாள எண்ணை ஒட்டி அனுப்பும். சிடிஎன் வால் உள்ள முகவரியையும் வால் இல்லாத முகவரியையும் தனித்தனிப் பக்கங்களாகவே சேமிக்கும். முகப்பை அழித்தால் முகப்பு மட்டுமே அழியும்.

போன் பக்கம்

புகார் சொன்ன வாடிக்கையாளர்களில் ஒருவர் ஒத்துக்கொண்டதால், அவருடைய ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி வழியே லேப்டாப்பில் இணைத்து, குரோமின் டெவலப்பர் கருவிகளில் பார்க்க முடிந்தது. ‘அப்ளிகேஷன்’ தாவலில் சர்வீஸ் வொர்க்கர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் சேமிப்பில் தளத்தின் முகப்புப் பக்கம் முழுதாக இருந்தது. அதன் நடைமுறை இது: பக்கம் கேட்டால் சேமிப்பில் உள்ளதை உடனே காட்டு, பின்னணியில் புதியதை எடுத்து அடுத்த முறைக்கு வை. படிக்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில், ஒவ்வொரு வருகையிலும் போன வருகையின் பக்கத்தைக் காட்டு என்பதே இதற்கு அர்த்தம். நேற்று மாலை பார்த்தவர் இன்று காலை திறந்தால் நேற்று மாலை விலைதான்.

கவுண்டரில் ஊழியர்களை ரொம்ப நாள் குழப்பியதும் இதுதான். வாடிக்கையாளர் பழைய விலையைக் காட்டுவார். ஊழியர் “இன்னொரு தடவை திறங்க” என்பார். சரியான விலை வரும். உங்கள் போன்தான் பிரச்சனை என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். பின்னணியில் எடுத்து வைத்த நகல் இரண்டாம் முறை வெளியே வந்ததை யாரும் கவனிக்கவில்லை.

இந்தக் கட்டத்தில் ஒரு பயனுள்ள பிரிப்பு கிடைத்தது. மறுபடி திறந்தாலும் பழையதே வந்து, ரிஃப்ரெஷ் செய்ததும் சரியானால், அது பிரவுசரின் சாதாரண கேச். ரிஃப்ரெஷின்போது பிரவுசர் முதன்மைப் பக்கத்தைச் சர்வரிடம் சரிபார்க்கும். முதல் முறை பழையது வந்து, ரிஃப்ரெஷ் செய்யாமலேயே அடுத்த முறை திறக்கும்போது சரியானால் சர்வீஸ் வொர்க்கர். எத்தனை முறை திறந்தாலும், எல்லாப் போன்களிலும் பழையதே வந்தால் சிடிஎன் அல்லது சர்வர். முதல் பார்வையிலேயே எந்த அடுக்கைத் தோண்டுவது என்று இது சொல்லிவிடும்.

தேதி வரி

இத்தனைக்கும் மேலே ஒன்று இருந்தது. அது கேச் கூட இல்லை. விலைக்கு மேலே ‘இன்றைய விலை’ என்று எழுதி, பக்கத்தில் தேதி போடப்பட்டிருந்தது. விலை ஹெச்டிஎம்எல்லுக்குள் இருந்தது. தேதியை எழுதியது ஒரு சின்ன ஜாவாஸ்கிரிப்ட். அது பார்வையாளரின் போன் கடிகாரத்திலிருந்து தேதியை எடுத்தது. பக்கம் மூன்று நாள் பழையதாக இருந்தாலும் அதன் தலையில் இன்றைய தேதி மின்னும். அந்த வரி இல்லாமல் இருந்திருந்தால் வாடிக்கையாளருக்கே சந்தேகம் வந்திருக்கும். பழைய விலைக்கு இன்றைய முத்திரை குத்திக் கொடுத்தது தளமே. கவுண்டரில் வாடிக்கையாளர் சொன்னதில் தவறு எதுவும் இல்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மூன்று வழிகள் பேசப்பட்டன. எல்லாக் கேச்சையும் நிறுத்திவிடலாம் என்பது ஒன்று. காலை ஒரு மணி நேரக் கூட்டத்தைச் சின்ன சர்வர் தாங்காது. பெரிய சர்வருக்கு மாதச் செலவு கூடும். மாறுவது மூன்று எண்கள், அதற்காக முழுத் தளத்தையும் மெதுவாக்குவதில் நியாயமில்லை என்று கைவிடப்பட்டது. எல்லாவற்றுக்கும் 5 நிமிட ஆயுள் வைக்கலாம் என்பது இரண்டாவது. சர்வீஸ் வொர்க்கரை இது தொடவே தொடாது; டிசைன் படங்களையும் 5 நிமிடத்துக்கு ஒரு முறை வீணாகச் சரிபார்க்க வேண்டியிருக்கும். மூன்றாவது, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் பழையதாக இருக்கலாம் என்று கடைக்காரர்களிடமே கேட்டுப் பிரிப்பது. இது ஏற்கப்பட்டது.

கேட்டபோது வந்த பதில்கள் தெளிவாகவே இருந்தன. விலை ஒரு நிமிடத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. சீட்டு விவரம், கிளை நேரம் ஆகியவை 10 நிமிடம் தாமதித்தால் பரவாயில்லை. படங்களும் ஸ்டைல் கோப்புகளும் மாறுவதே அபூர்வம்.

செய்த வரிசைக்கும் காரணம் உண்டு. தேதி வரி அன்றே மாற்றப்பட்டது: போன் கடிகாரத்தை விட்டுவிட்டு, விலையைச் சேமித்த தேதியும் நேரமுமே விலையோடு சேர்ந்து வரும்படி, ‘காலை 9.42 மணி நிலவரம்’ என்று. எந்தக் கேச் எதைக் காட்டினாலும் இனி அது தன் வயதைத் தானே சொல்லிவிடும். அன்றே சிடிஎன்னின் பிரவுசர் காலமும் ‘மூலத்தின் ஹெடரை மதி’ என்று மாற்றப்பட்டது. ஒவ்வொரு மணி நேரமும் இன்னும் பல போன்களுக்கு 4 மணி நேர அனுமதி போய்க்கொண்டிருந்தது. கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது, இனிமேல் கொடுப்பதை நிறுத்தலாம்.

ஹெச்டிஎம்எல் பக்கங்களுக்கு ‘மேக்ஸ்-ஏஜ்=0, எஸ்-மேக்ஸ்ஏஜ்=600’ என்று வைக்கப்பட்டது. முதல் எண் பிரவுசருக்கு: ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டுக் காட்டு. இரண்டாவது எண் சிடிஎன் போன்ற பொது இடைநிலைகளுக்கு மட்டும்: 10 நிமிடம் வைத்துக்கொள், உன்னை வேண்டும்போது அழிக்க எங்களால் முடியும். பக்கத்தின் பதிப்பைக் குறிக்கும் ஈடேக் அடையாளமும் சேர்ந்தால், பக்கம் மாறாதபோது 304 என்ற சின்னப் பதிலோடு வேலை முடிந்துவிடும். முழுப் பக்கமும் மறுபடி இறங்காது. ‘நோ-ஸ்டோர்’ போடச் சொன்னவர்களும் இருந்தார்கள். அது சேமிக்கவே கூடாது என்ற கட்டளை; பக்கம் முழுவதற்கும் அதைப் போட்டால் ஒவ்வொரு முறையும் முழுப் பக்கமும் இறங்க வேண்டும். ‘நோ-கேச்’ என்றால் சேமிக்கலாம், காட்டுமுன் கேட்க வேண்டும் என்று பொருள். பெயரைப் பார்த்து இந்த இரண்டையும் மாற்றிப் போடுவது இந்தத் துறையில் தினசரி நடப்பது.

இதை என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருளில் எழுதும்போது ஒரு வழுக்கல் உண்டு. ‘ஆட்-ஹெடர்’ வரிகள் மேல் மட்டத்திலிருந்து உள் மட்டத்துக்கு இறங்குவது, உள் மட்டத்தில் வேறு ‘ஆட்-ஹெடர்’ எதுவும் இல்லாதபோது மட்டுமே. உள்ளே பாதுகாப்புக்கென ஒரே ஒரு ஹெடர் சேர்த்தாலும், மேலே எழுதிய கேச் ஹெடர் அந்த இடத்தில் மறைந்துவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. சோதனையில் ஒரு பக்கத்துக்கு மட்டும் ஹெடர் வராததற்குக் காரணம் இதுதான்.

விலை தனியாகப் பிரிக்கப்பட்டது. ஊழியர் ‘சேமி’ அழுத்தியதும் மூன்று எண்களும் சேமித்த நேரமும் ஒரு சின்ன ஜேசன் கோப்பில், அதாவது ஸ்கிரிப்ட் எளிதாகப் படிக்கும் தரவுக் கோப்பில், எழுதப்படும். முதலில் தற்காலிகப் பெயரில் எழுதி, முடிந்த பிறகு பெயர் மாற்றப்படும். நேரடியாக எழுதினால் அந்த நொடியில் கேட்பவருக்குப் பாதிக் கோப்பு போகக்கூடும். இந்தக் கோப்பை என்ஜின்எக்ஸ் நேராகத் தருகிறது, பிஹெச்பி ஓடுவதில்லை. இதற்கு மட்டும் ‘நோ-ஸ்டோர்’. சிடிஎன் இதைத் தொடாது. சில நூறு பைட் கோப்பு என்பதால் முழுதாக அனுப்புவதும் 304 அனுப்புவதும் கிட்டத்தட்ட ஒரே செலவுதான்.

கடையின் விளம்பர வேலையைக் கவனிப்பவர் இங்கே மறுப்பு சொன்னார். விலை ஹெச்டிஎம்எல்லில் இல்லாவிட்டால் தேடுபொறியில் வருகை குறையும் என்றார், நியாயமான கவலை. ஆகவே விலை ஹெச்டிஎம்எல்லிலும் இருக்கிறது, தன் நேரத்தோடு. பக்கம் திறந்ததும் ஸ்கிரிப்ட் ஜேசனை எடுத்து அதன் மேல் எழுதும். 5 நொடிக்குள் ஜேசன் வராவிட்டால் விலை சாம்பல் நிறமாகி, ‘விலையை உறுதிசெய்ய கிளையை அழைக்கவும்’ என்ற வரியும் தொலைபேசி எண்ணும் வரும்.

ஸ்டைல், ஸ்கிரிப்ட் கோப்புகளின் பெயரிலேயே உள்ளடக்கத்தின் அடையாளக் குறியீடு சேர்க்கப்பட்டது. உள்ளடக்கம் மாறினால் பெயர் மாறும். அதனால் அவற்றுக்கு ஓராண்டு, 31,536,000 நொடி, ‘இம்யூட்டபிள்’ (மாறாதது) என்று தயங்காமல் கொடுக்கலாம்.

சர்வீஸ் வொர்க்கரை நீக்கியது

இதில்தான் அதிகக் கவனம் தேவைப்பட்டது. பிளகினை அணைத்தால் போதும் என்று தோன்றும். அணைத்தால் சர்வரில் உள்ள வொர்க்கர் கோப்பு காணாமல் போகும். பிரவுசர் புதுப்பிப்பைக் கேட்டு 404 (கோப்பு இல்லை) என்ற பதில் கிடைத்தால் அந்தப் புதுப்பிப்பு தோற்றது என்று எடுத்துக்கொண்டு, போனில் உள்ள பழைய வொர்க்கரையே தொடர்ந்து ஓடவிடும். போன் போனாக நிரந்தரமாகப் பழைய வொர்க்கர் தங்கிவிடும் வழி அது.

ஆகவே பிளகினை அணைத்த கையோடு, அதே முகவரியில் அதே பெயரில் வேறொரு வொர்க்கர் வைக்கப்பட்டது. நிறுவப்பட்டதும் காத்திருக்காமல் பொறுப்பேற்கும்; எல்லாச் சேமிப்பையும் அழிக்கும்; தன் பதிவைத் தானே ரத்து செய்யும்; திறந்திருக்கும் பக்கங்களை மறுபடி ஏற்றும். வேறு வேலை அதற்கு இல்லை. அந்தக் கோப்புக்கு ‘நோ-கேச்’ ஹெடர், சிடிஎன்னில் விலக்கு. வாடிக்கையாளர் அடுத்த முறை தளத்தைத் திறக்கும்போதுதான் இது போய்ச் சேரும். நான்கு மாதம் கழித்து வருபவரும் இருப்பார். அதனால் கோப்பை ஓராண்டுக்காவது எடுக்கக் கூடாது என்று சர்வரிலேயே குறிப்பு எழுதி வைக்கப்பட்டது.

ஆஃப்லைனில் நகைக்கடைத் தளத்தைப் பார்க்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை என்பதால், திருத்திய வொர்க்கரைத் திரும்ப வைக்கும் யோசனை எழவில்லை.

அழிக்கும் வேலை

‘சேமி’ அழுத்தியதும் பிளகின் கேச்சில் முகப்பும் விலைப் பக்கமும், தமிழிலும் ஆங்கிலத்திலும், அழியும். அது முடிந்தது என்ற பதில் வந்த பிறகே அதே முகவரிகள் சிடிஎன்னில் அழியும். முகவரி வாலில் வரும் விளம்பர அடையாளங்களைப் பொருட்படுத்தாமல் ஒரே நகலாக வைக்கும்படி சிடிஎன் விதி மாற்றப்பட்டது. ஊழியரின் கையிலிருந்து அழிக்கும் பொத்தான் எடுக்கப்பட்டது. 5 நிமிடத்துக்கு ஒரு முறை, வெளியிலுள்ள ஒரு இயந்திரம் லாகின் இல்லாமல், மொபைல் பிரவுசர் என்ற அடையாளத்தோடு முகப்பை எடுத்து, அதிலுள்ள விலையை ஜேசனோடு ஒப்பிடும். அடுத்தடுத்து இரண்டு முறை பொருந்தாவிட்டால் பராமரிப்பவருக்குச் செய்தி போகும். மொபைல் அடையாளம் அவசியம். இந்தப் பிளகின் மொபைலுக்குத் தனி நகல் வைத்திருந்தது. கம்ப்யூட்டர் நகல் மட்டும் சரியாக இருந்து ஏமாற்றும்.

பின்னர் நடந்தவை

முதல் ஞாயிற்றுக்கிழமையே ஒரு தவறு வெளிப்பட்டது. விலையின் தேதி இன்றைய தேதி இல்லை என்றால் ‘பழைய விலை’ என்று சாம்பல் நிறமாக்கும் விதி இருந்தது. ஞாயிறன்று பொதுவாகப் புது விலை வராது. சனிக்கிழமை விலையே நடப்பு விலை. சரியான விலையைத் தளம் பழையது என்று காட்டியது. அதன் பிறகுதான் ‘செல்லுபடியாகும் நேரம்’ என்ற புலம் ஜேசனில் சேர்ந்தது. இயல்பாக அது அடுத்த வேலை நாள் காலை 10 மணி என்று நிரம்பும். பண்டிகை விடுமுறையில் ஊழியர் மாற்றலாம். ‘இப்போது மணி என்ன’ என்பதைப் போனிடம் கேட்பதும் நின்றது. ஜேசன் பதிலோடு வரும் சர்வரின் ‘டேட்’ ஹெடரே எடுக்கப்படுகிறது. துபாயிலும் சிங்கப்பூரிலும் இருந்து பார்ப்பவர்களின் நேர மண்டலமும், தவறாக ஓடும் போன் கடிகாரமும் இதனால் குழப்பவில்லை.

கவுண்டரில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, விலைத் தகராறு வந்தால் போனில் எந்த வழியாகப் பார்த்தார் என்றும் எழுதச் சொன்னார்கள். அடுத்த ஒரு மாதத்தில் நான்கு பதிவுகள்.

ஒன்று, முந்தின இரவு திறந்து மூடாமல் விட்ட தாவல். போனைத் திறந்ததும் பழைய தாவல் அப்படியே நிற்கும்; சர்வரிடம் எதுவும் கேட்கப்படாது. பின் பொத்தானில் திரும்பும்போது நினைவிலிருந்து மீட்கப்படும் பக்கமும் இப்படித்தான். தாவல் மறுபடி கண்ணுக்குத் தெரியும்போதும், பக்கம் நினைவிலிருந்து மீளும்போதும், திறந்தே இருந்தால் நிமிடத்துக்கு ஒரு முறையும், ஜேசன் மறுபடி எடுக்கப்படும்படி ஸ்கிரிப்ட் திருத்தப்பட்டது. ஹெடர்களால் தீராத பகுதி இது.

இன்னொன்று, வாட்ஸ்அப்பில் பகிர தினமும் தயாரிக்கும் விலைப் பட்டியல் படம். தினமும் அதே கோப்புப் பெயரில் பழையதன் மேல் எழுதப்பட்டது. படங்களுக்கு ஒரு மாத ஆயுள். இப்போது கோப்புப் பெயரில் தேதியும் நேரமும் சேர்கின்றன.

மீதி இரண்டும் வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த இணைப்புகள். இணைப்பை அனுப்பும்போது தலைப்பும் சுருக்கமும் கொண்ட முன்னோட்டம் அனுப்புபவரின் போனிலேயே உருவாகி, செய்தியோடு சேர்ந்து போய்விடும். பக்கத்தின் சுருக்க வரியில் ‘இன்று 22 காரட் கிராம் இவ்வளவு’ என்று விலை இருந்ததால், ஒரு வாரம் கழித்து ஃபார்வர்ட் செய்யப்பட்டாலும் அந்த எண்ணே தெரியும். சுருக்க வரியிலிருந்து விலை நீக்கப்பட்டது. ஏற்கெனவே அனுப்பப்பட்ட செய்திகளுக்குச் செய்ய ஒன்றும் இல்லை; அவை தாமாக ஓயும்வரை கவுண்டரில் சமாளித்தார்கள். ‘பில் போடும் நேரத்து விலையே பொருந்தும்’ என்ற வரி விலைக்குக் கீழேயே, சின்ன எழுத்தில் ஒளிக்காமல், சேர்க்கப்பட்டது.

சர்வர் சுமை கூடவில்லை. ஜேசன் கோரிக்கைகள் எண்ணிக்கையில் அதிகம்தான். பிஹெச்பியைத் தொடாததால் அவை பாரமாகவில்லை. ‘எல்லாவற்றையும் அழி’ நின்றதால் காலை 9.30 மணித் திணறல் முன்னைவிடக் குறைந்தது.

மாற்ற வேண்டியவை

சிடிஎன்னில் ஹெச்டிஎம்எல்லைச் சேர்த்த நாளிலேயே பிரவுசருக்குப் போகும் காலத்தைத் தனியாகப் பார்த்திருக்க வேண்டும். வேகச் சோதனைக் கருவிகள் ‘கேச் காலம் நீளட்டும்’ என்றுதான் மதிப்பெண் கொடுக்கும்; அந்தப் பரிந்துரை நிலையான கோப்புகளுக்கானது, பெயர் மாறாமல் உள்ளடக்கம் மாறும் பக்கங்களுக்கு இல்லை. சர்வீஸ் வொர்க்கர் வைக்கும் எந்தப் பிளகினையும், அதை எப்படி நீக்குவது என்று ஒரு சோதனைப் போனில் செய்து பார்க்காமல் நேரடித் தளத்தில் ஏற்றக் கூடாது.

அடுக்குகளின் பட்டியல் ஒன்று இப்போது இருக்கிறது: எந்த அடுக்கு, எதை, எவ்வளவு நேரம் வைக்கிறது, யார் எப்படி அழிப்பது. புதிதாக எந்தப் பிளகின் சேர்த்தாலும் அந்தப் பட்டியலில் ஒரு வரி சேராமல் வேலை முடிந்ததாகக் கணக்கில்லை. கண்காணிப்பு இயந்திரம் இப்போதைக்கு ஒரே நெட்வொர்க்கிலிருந்து பார்க்கிறது. சிடிஎன்னின் நகல்கள் ஊருக்கு ஊர் தனித்தனியாக இருப்பதால், சென்னையிலிருந்து ஒன்றும் மும்பையிலிருந்து ஒன்றுமாக இரண்டு இடங்களில் வைக்க வேண்டும். அட்சய திருதியைக் கூட்டத்துக்கு முன்பே அதை முடிப்பதாகத் திட்டம்.